விருந்தினர் துணியும் வீட்டுக் கொடியும்: நான்கு ஏற்பாடுகள், ஓர் ஒப்பீடு

சென்னையில் வீட்டுக்காரர் குடியிருந்துகொண்டே ஒன்றிரண்டு அறைகளை நாள் கணக்கிலோ மாதக் கணக்கிலோ வாடகைக்கு விடும் வீடுகள் இப்போது நிறைய. கிரீம்ஸ் ரோடு, நுங்கம்பாக்கம் பக்கம் என்றால் ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள். அடையாறு என்றால் புற்றுநோய் மருத்துவமனைக்கு வருபவர்களும் அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களும். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் ஓ.எம்.ஆர். பக்கம் இன்டர்ன்ஷிப் பிள்ளைகள். மயிலாப்பூரில் மார்கழிக் கச்சேரிக்காக வெளிநாட்டிலிருந்து வருபவர்கள். யாராக இருந்தாலும் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ ஒரு கேள்வி வரும்: "ஆன்ட்டி, மெஷின்ல துணி போட்டுக்கலாமா?"

அந்த நேரத்தில் வாய்க்கு வந்த பதில்தான் பல வீடுகளில் விதியாகிவிடுகிறது. ஒருவரிடம் "தாராளமா" என்றும் அடுத்தவரிடம் "வாரம் ஒரு தடவை" என்றும் சொல்லிவிட்டு, இரண்டு பேரும் டைனிங் டேபிளில் பேசிக்கொள்ளும்போது மாட்டிக்கொள்வார்கள். அதனால் முதல் விருந்தினர் வருவதற்கு முன்பே ஒரு ஏற்பாட்டை முடிவு செய்துவிடுவது நல்லது. நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன: மெஷினை அவர்களிடமே முழுசாக விட்டுவிடுவது; நாள், நேரம், எத்தனை லோடு என்று அளவு வைத்துக் கொடுப்பது; துணியை வாங்கி வீட்டுக்காரரே போட்டுக் கொடுப்பது; "மெஷினே கிடையாது, கையால் துவைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் வெளி லாண்டரி" என்பது.

முதலில் கொடியை அளந்து பாருங்கள்

பெரும்பாலானவர்கள் மெஷினை வைத்துத்தான் விதி போடுகிறார்கள். ஆனால் ஒரு வீட்டில் முதலில் தீர்ந்துபோவது மெஷின் நேரம் அல்ல. ஒரு நாளில் நான்கு லோடு கூட ஓட்டலாம். எடுத்த துணியை எங்கே காயப்போடுவது?

பால்கனியில் புல்லி வைத்து மேலே ஏற்றி இறக்கும் சீலிங் ஹேங்கரை எடுத்துக்கொள்வோம். ஆறு பைப், ஒவ்வொன்றும் ஆறடி. மொத்தம் 36 அடி, அதாவது 11 மீட்டர். இப்போது ஒரு தம்பதியின் நான்கைந்து நாள் துணி: நாலு சட்டை, இரண்டு பேன்ட், ஒரு ஜீன்ஸ், மூன்று சுடிதார் டாப், மூன்று பாட்டம், ஒரு லுங்கி, ஒரு நைட்டி, இரண்டு துண்டு, பத்து உள்ளாடை. எடை ஐந்தரை, ஆறு கிலோ வரும். ஏழு கிலோ மெஷினில் நெருக்கடி இல்லாமல் போகும் ஒரே லோடு. கொடியில் விரித்துப் போட்டால் சட்டைக்கு அரை மீட்டருக்கு மேல், பேன்ட்டுக்கு அரை, டாப்புக்கு அறுபது சென்டிமீட்டர், துண்டுக்கு எழுபத்தைந்து, உள்ளாடை ஒவ்வொன்றுக்கும் இருபது. கூட்டினால் கிட்டத்தட்ட 12 மீட்டர். ஒரு தம்பதியின் ஒரே லோடில் பால்கனி நிறைந்து, ஒரு மீட்டர் துணி மிச்சமும் இருக்கும். உங்கள் வீட்டுத் துணிக்கு இடம் இல்லை. பெட்ஷீட்டைப் பற்றி இன்னும் பேசவே இல்லை.

ஏப்ரல், மே மாதத்தில் மொட்டை மாடியில் போட்டால் மூன்று மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஒரே கொடியில் பகலில் இரண்டு முறை போடலாம். அதே துணிக்கு, காற்றோட்டம் இல்லாத பால்கனியில், நவம்பர் மழையில், இரண்டு நாள் ஆகும். ஜீன்ஸின் இடுப்புப் பட்டை மூன்றாம் நாளும் சில்லென்று இருக்கும். ஆகவே உங்கள் வீட்டின் உண்மையான அளவு "வாரத்துக்கு எத்தனை லோடு காயும்" என்பதுதான். வெயில் காலத்துக்கு ஒரு எண், ஐப்பசி கார்த்திகைக்கு ஒரு எண் எழுதிக்கொள்ளுங்கள். அதிலிருந்து உங்கள் குடும்பத்துக்கு வேண்டியதையும், விருந்தினர் அறை மாறும் நாளில் துவைக்க வேண்டிய விரிப்பு, உறை, துண்டையும் கழியுங்கள். மீதி இருப்பதுதான் விருந்தினருக்குத் தர முடிந்தது. பல அடுக்குமாடி வீடுகளில் மழைக்காலத்துக்கு அந்த மீதி வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

தண்ணீர் இரண்டாவது. மேல்பக்கம் மூடி திறக்கும் ஏழு கிலோ டாப் லோட் மெஷின் ஒரு லோடுக்கு 120 முதல் 150 லிட்டர் வரை குடிக்கும். முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரன்ட் லோட் 50 முதல் 70 லிட்டரில் முடித்துவிடும். துவைக்க ஒன்று, பிழிய ஒன்று என்று இரண்டு தொட்டி உள்ள செமி ஆட்டோமேட்டிக், அலசுகிறவர் கையைப் பொறுத்தது. குழாயைத் திறந்துவிட்டு அலசினால் டாப் லோடையும் தாண்டிவிடும். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு கிடந்தபோது சென்னையில் பல வீடுகள் மெஷினையே மூடி வைத்தன. அப்படிப்பட்ட கோடை எப்போதாவதுதான் என்றாலும், மே மாதத்தில் லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்குமாடியில் உங்கள் விருந்தினர் துணி துவைப்பது அசோசியேஷன் கூட்டத்தில் பேச்சாகிவிடும்.

மின்சாரத்தைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கவலைப்படுகிறார்கள். அது தேவையே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் ஓடும் ஒரு லோடு கால் யூனிட், கூடினால் மூன்றில் ஒரு யூனிட். ஒன்றரை டன் ஏ.சி. ஒரு மணி நேரத்தில் அதைப்போல மூன்று நான்கு மடங்கு இழுக்கும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்கின் மலிவு விலை போய்விடும், அதற்கு மேல் ஓடும் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் விலை என்பதெல்லாம் சரிதான். ஆனால் உங்களை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ளுவது விருந்தினர் அறை ஏ.சி., துணி அல்ல. விதிவிலக்கு, சுடுதண்ணீர் புரோகிராம். ஃப்ரன்ட் லோடில் உள்ள ஹீட்டர் சுமார் 2 கிலோவாட். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுபோக 0.2 யூனிட் போதும். 60-க்குக் கொண்டுபோக அரை யூனிட்டுக்கு மேல் ஆகும். அதோடு "காட்டன் 60" போட்டால் பல மெஷின்களில் இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும். பணத்தைவிட அந்த நேரம்தான் மற்றவர்களை உறுத்தும்.

திறந்த வீடு: "எப்ப வேணா போட்டுக்கோங்க"

ஒரே ஒரு அறையை மாதக் கணக்கில் விடுகிறீர்கள், வருபவர் ஒருவர், மொட்டை மாடிக் கொடி இருக்கிறது என்றால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. விதி இல்லாத வீட்டில் கோபமும் இல்லை. நாள் வாடகைக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும் வீட்டுக்குத்தான் இது ஒத்துவராது. காரணம், ஒவ்வொரு புதிய ஆளும் உங்கள் மெஷினில் புதிதாகப் பழகுகிறார்.

எது எங்கே கெடும் என்று தெரிந்திருந்தால் எங்கே கண் வைக்க வேண்டும் என்பதும் தெரியும். முதல் எதிரி நுரை. ஃப்ரன்ட் லோடில் சாதாரணக் கைத்துவைப்புப் பவுடரைக் கொட்டினால், உள்ளே சுழலும் ட்ரம் துணியைத் தூக்கித் தூக்கிப் போடும்போது நுரை பொங்கி, சோப்புப் போடும் டிராயர் வழியாக வெளியே வரும். சில மெஷின்கள் நுரையைக் கண்டுகொண்டு அலசலை நீட்டிக்கொண்டே போகும். அப்படி நடந்தால் மெஷினை நிறுத்தி, ஒரு மூடி துணி மென்மையாக்கும் திரவத்தை டிராயரில் ஊற்றி, "அலசு, பிழி" மட்டும் ஓட்டினால் நுரை அடங்கும். இதற்கு நிரந்தர மருந்து, சோப்பை நீங்களே கொடுத்துவிடுவது. லிக்விட் பாட்டிலும் நாற்பது மில்லி கோடு போட்ட மூடியும் மெஷின் மேலேயே இருக்கட்டும். விருந்தினர் கொண்டுவரும் பவுடர் உள்ளே போகக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

போர் தண்ணீர் வீட்டில் இன்னொரு வம்பு. தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காது. அதைப் பார்த்த விருந்தினர் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஊற்றுவார். அலசலில் போகாமல் துணியில் வெள்ளைத் தூளாக நிற்கும், கறுப்பு டி-ஷர்ட்டில் பளிச்சென்று தெரியும். "உங்க மெஷின் சரியில்ல" என்ற புகாரில் பாதி இதுதான். மாதம் ஒருமுறை, உப்புப் படிவைக் கரைக்கும் டீஸ்கேலிங் பவுடர் போட்டு வெறும் மெஷினை ஓட்டுவதும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் உள்ளே வரும் இன்லெட் பைப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் சின்ன வலையில் சேர்ந்த மண்ணைத் தட்டுவதும் வீட்டுக்காரர் வேலை. வலை அடைத்தால் தண்ணீர் மெதுவாக வரும், மெஷின் தண்ணீர் இல்லை என்று எரர் கோட் காட்டி நின்றுவிடும். கடைசி மாடி வீட்டில் வலை சுத்தமாக இருந்தும் அப்படி நின்றால் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல மெஷின்கள் 0.3 பாராவது கேட்கின்றன. டேங்க் தலைக்கு மேலேயே ஒன்றரை மீட்டரில் இருந்தால் பிரஷர் பம்ப் இல்லாமல் சரிவராது.

சட்டை, பேன்ட் பையில் இருக்கும் சாமான் இரண்டாவது எதிரி. காசு, ஹேர்பின், சேஃப்டி பின், கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம், ஆஸ்பத்திரி டோக்கன். பொட்டலம் துணியோடு போகும், ஹேர்பின் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்போடு போகும். தண்ணீர் வடியாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது ஃப்ரன்ட் லோடின் கீழ்மூலையில் இருக்கும் டிரெயின் ஃபில்டர். கீழே தட்டு வைத்து, பக்கத்தில் சின்ன ட்யூப் இருந்தால் அதில் தண்ணீரை வடித்துவிட்டு, பிறகு ஃபில்டரைத் திருகிக் கழற்றுங்கள். நேராகத் திறந்தால் ட்ரம் தண்ணீர் மொத்தமும் சமையலறையில். கம்பி வைத்த உள்ளாடையின் கம்பி ட்ரம் ஓட்டை வழியே நழுவி உள்ளே போனால் உங்கள் கையால் எடுக்க முடியாது, சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும். ஒரு சின்ன வலைப்பை அறுபது எழுபது ரூபாய். இரண்டு வாங்கி மெஷின் பக்கத்தில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. புடவை போடுகிறவர்களுக்கும் அதே பைதான்: ஐந்தரை மீட்டர் துணி மற்றதையெல்லாம் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொள்வதைத் தடுக்கும்.

மூன்றாவது, ஒற்றைக் கனம். போர்வை ஒன்றை மட்டும் போட்டுப் பிழிந்தால் ஒரு பக்கமாக உட்கார்ந்து மெஷின் நடக்க ஆரம்பிக்கும். ஜமக்காளம், ரப்பர் அடி வைத்த கால் மிதி, ஷூ இவற்றுக்கு எந்த ஏற்பாட்டிலும் அனுமதி கொடுக்காதீர்கள்.

அளவு வைப்பது

இரண்டு மூன்று அறைகள், ஆள் மாறும் வீடு, வீட்டுக்காரரும் அதே மெஷினைப் பயன்படுத்துகிறார் என்றால் கடைசியில் எல்லாரும் வந்து சேரும் இடம் இதுதான். கேள்வி எதை வைத்து அளப்பது என்பது. "தினம் ஒரு லோடு" என்று அளப்பவர்கள் தோற்றுப்போவார்கள்: யாரும் இரண்டு சட்டையை வைத்துக்கொண்டு தன் உரிமையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். ஃபுல் லோடு மட்டும் என்றால் தனியாக வந்த இன்டர்ன் பையன் பத்து நாள் துணியைச் சேர்த்து மூட்டை கட்டுவான், அறை நாறும். தங்கும் நாளை வைத்து அளப்பதே நிம்மதி. ஒன்றிரண்டு இரவுக்கு மெஷின் கிடையாது. மூன்று முதல் ஆறு இரவுக்கு ஒரு லோடு. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் அறைக்கு ஒரு கிழமை: முன் அறைக்குச் செவ்வாய், பின் அறைக்கு வியாழன் என்று. கிழமை ஒதுக்குவதில் உள்ள சௌகரியம், யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். உங்கள் விரிப்புகளுக்குத் திங்களும் வெள்ளியும் தானாகக் கிடைத்துவிடும்.

நேரம் என்றால் காலை ஏழு முதல் மதியம் பன்னிரண்டு வரை போதும். "இரவு எட்டு வரை" என்று தாராளமாக விடுகிறவர்கள், ஏழரைக்குப் போட்ட துணி ஒன்பது மணிக்கு முடிந்து, விருந்தினர் சாப்பிட வெளியே போயிருக்க, ஈரத்துணி இரவெல்லாம் ட்ரம்முக்குள் கிடப்பதைப் பார்ப்பார்கள். சென்னைப் புழுக்கத்தில் எட்டு மணி நேரம் மூடிய மெஷினில் கிடந்த துணிக்கு வரும் வாடை வெயிலில் போட்டாலும் முழுசாகப் போகாது. திரும்ப ஒருமுறை துவைக்க வேண்டும். அதாவது இன்னொரு 120 லிட்டர். காலையில் போட்டால் பகல் வெயில் கிடைக்கும், பிழியும் சத்தமும் கீழ்வீட்டுக்காரர் தூக்கத்தில் விழாது.

முடிந்த துணியை யார் எடுப்பது? விதிப் பலகையில் எல்லாரும் விட்டுவிடும் வரி இது. முடிந்து அரை மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வீட்டுக்காரர் எடுத்து ஒரு கூடையில் வைத்துவிடுவார், காயப்போட மாட்டார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் அடுத்தவர் துணியைத் தொட்டால் வருத்தம்; சொல்லிவிட்டுத் தொட்டால் உதவி.

கட்டணம் வைக்கலாமா? கணக்கைப் பாருங்கள். 12,000 லிட்டர் லாரி உங்களுக்கு 1,800 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் லிட்டர் 15 பைசா. 120 லிட்டருக்கு 18 ரூபாய். கரன்ட் இரண்டு மூன்று ரூபாய். சோப்பு பத்துப் பன்னிரண்டு. 25,000 ரூபாய் மெஷின் இரண்டாயிரம் லோடு உழைக்கும் என்றால் தேய்மானம் பன்னிரண்டரை. ஆக சுமார் 45 ரூபாய். இந்த 45-க்காக விருந்தினரிடம் முதல் லோடுக்கே கை நீட்டுவது அசிங்கம். அதை வாடகையிலேயே சேர்த்துவிடுங்கள். ஒதுக்கியதற்கு மேல் கேட்கும் லோடுக்கு மட்டும் நூறு ரூபாய் என்று வைத்தால், அவசரம் உள்ளவர் கொடுப்பார், சும்மா கேட்பவர் யோசிப்பார். மெஷினில் காசு போடும் பெட்டி, டோக்கன் இதெல்லாம் பத்து அறை உள்ள ஹாஸ்டலுக்கு. வீட்டுக்கு வேண்டாம்.

கூடையில் போடுங்கள், நாங்கள் துவைத்துத் தருகிறோம்

மெஷின் பிழைக்கும், கொடி உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும், விருந்தினருக்கும் ராஜ மரியாதை. வயதானவர்கள் தங்கும் வீட்டில் இது நன்றாகவே நடக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு கணக்கு மாறிவிடுகிறது. விருந்தினர் தானே துவைத்தால் கெடுவது உங்கள் மெஷின். நீங்கள் துவைத்தால் கெடுவது அவர் துணி. பொத்தானை அமுக்கியவர் தலையில்தான் சாயம் விடியும்.

மெட்ராஸ் செக் துணியே சாயம் போவதற்குப் பேர்பெற்றது. அந்தக் குணத்தையே பெருமையாகச் சொல்லி ஒரு காலத்தில் வெளிநாட்டில் விற்றார்கள். புது லுங்கி, சுங்குடி, கலம்காரி, நீலச் சாயம் ஏற்றிய குர்த்தா எல்லாம் அதே ஜாதி. அதனால் கூடையை வாங்கும்போதே எண்ணி வாங்க வேண்டும். புதுசு எது என்று கேட்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் அந்தத் துணி கையில். பட்டு, ஜரிகை, கம்பளி, "டிரை கிளீன்" என்று லேபிள் போட்டது எதையும் வாங்கிக்கொள்ளவே கூடாது. மார்கழி சீசனில் வருபவர்களிடம் பட்டுப்புடவைதான் பாதி இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். உள்ளாடையையும் வாங்காமல் இருப்பது இரு பக்கமும் நிம்மதி. சொல்லக் கூச்சமாக இருந்தால் கூடையோடு வைக்கும் சீட்டில் எழுதிவிடலாம்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. "நாங்கள் துவைத்துத் தருகிறோம்" என்பதில் அந்த "நாங்கள்" யார்? பெரும்பாலும் வீட்டு வேலைக்கு வரும் அக்கா. அவர் சம்பளம் பேசியது உங்கள் குடும்பத் துணிக்கு. விருந்தினர் துணியை மெஷினிலிருந்து எடுத்து, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய், உதறிப் போட்டு, மாலை எடுத்து மடிப்பது ஒரு லோடுக்கு முக்கால் மணி நேர வேலை. லோடுக்கு 150 ரூபாய் வாங்கினால் அதில் பாதியாவது அவர் கைக்குப் போக வேண்டும். அதைச் செய்யாமல் ஆரம்பித்த வீடுகளில் ஏற்பாடு முறிவது விருந்தினரால் அல்ல, ஒரு திங்கட்கிழமை அக்கா வராமல் நின்றுபோவதால்.

மெஷின் கிடையாது

கேட்பதற்குக் கறாராக இருந்தாலும், ஒன்றிரண்டு இரவுக்கு வருபவர்கள் மட்டுமே தங்கும் வீட்டுக்கு இது நியாயமான வழி. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்: மெஷின் இல்லை என்றால் அவர்கள் துவைக்காமல் இருக்கப்போவதில்லை, உங்களுக்குத் தெரியாமல் துவைப்பார்கள். ராத்திரி பாத்ரூமில் பக்கெட்டில் நனைத்து, பிழியத் தெம்பில்லாமல், சொட்டச் சொட்டக் கட்டில் தலைமாட்டில், கதவு மேல், ஏ.சி. மேல், ஜன்னல் கம்பியில் போடுவார்கள். பிளைவுட் கட்டில் விளிம்பு ஊதும். சுவரில் பூஞ்சை வரும். ஈரத் துண்டை மெத்தை மேல் போட்டுவிட்டு ஃபேனைச் சுற்றவிடுவார்கள். மெஷினில் மிச்சம் பிடித்ததைத் தச்சருக்கும் பெயின்டருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே "கிடையாது" என்று சொல்லும் வீடு, கைத்துவைப்புக்கு மரியாதையான ஓர் இடம் கொடுத்தாக வேண்டும். துணிக்கென்று தனி பக்கெட் இரண்டு (குளிக்கிற பக்கெட் வேறு), ஒரு பிரஷ், ஒரு பார் சோப்பு, பின்பக்கம் துவைக்கிற கல் இருந்தால் அதற்கு வழி, அறையின் பால்கனியில் மூன்று மீட்டர் கொடி, பன்னிரண்டு க்ளிப், உள்ளாடைக்கு வட்டமான க்ளிப் ஹேங்கர் ஒன்று. இந்த ஹேங்கர் சின்னச் சாமான்தான், ஆனால் பொதுக்கொடியில் அடுத்தவர் கண்ணில் பட உள்ளாடை காயப்போடுவதா என்ற சங்கடத்தை, குறிப்பாகப் பெண்களுக்கு, அடியோடு தீர்த்துவிடும். எந்த ஏற்பாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அறைக்கு ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள். நடந்துபோகும் தூரத்தில் கிலோ கணக்கில் துவைக்கும் லாண்டரியின் நேரம், விலை, எத்தனை நாளில் தருவார்கள், தெருமுனை இஸ்திரிக்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். லாண்டரிக்காரர்கள் பொதுவாக ஒன்று, இரண்டு நாள் எடுப்பார்கள். நாளை காலை ரயில் என்பவருக்கு அது உதவாது. அப்படிப்பட்டவருக்காக விதியைத் தளர்த்தலாம், வீடு ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

எந்த வீட்டுக்கு எது

பால்கனிக் கொடி மட்டும், இரண்டு அறை, ஆள் மாறிக்கொண்டே இருக்கும் என்றால் நாள் கணக்கில் அளவு வைப்பது. அதே வீட்டில் மழைக்காலம் மூன்று மாதத்துக்கு அளவைப் பாதியாக்கி, மீதியை வெளி லாண்டரிக்குத் தள்ளிவிடுங்கள். மொட்டை மாடி கிடைக்கும், ஒரே அறை, மாத வாடகை என்றால் திறந்தே விடலாம். வயதானவர்கள், துணையில்லாமல் வருபவர்கள் என்றால் கூடை. லாரித் தண்ணீர் வீடு, ஓரிரவு விருந்தினர் என்றால் மெஷின் வேண்டாம்.

மெஷினே புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால், விருந்தினர் கைபடும் வீட்டுக்கு ஃப்ரன்ட் லோடைவிட டாப் லோட் பொறுத்துப்போகும் என்பது எங்கள் கருத்து. நடுவில் மூடியைத் திறந்து விட்டுப்போன சாக்ஸைப் போடலாம், பவுடர் கொஞ்சம் தப்பானாலும் பொறுக்கும், கரன்ட் போனால் கதவு பூட்டிக்கொண்டு நிற்காது. தண்ணீர் இரண்டு மடங்கு என்பது அதற்குக் கொடுக்கும் விலை. லாரி வீட்டில் அந்த விலை கட்டுப்படியாகாது, அங்கே ஃப்ரன்ட் லோட்தான். செமி ஆட்டோமேட்டிக்கைக் குறைத்து எடை போட வேண்டாம். அதன் பிழியும் தொட்டி பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,300 சுற்றுக்கு மேல் சுழலும், டாப் லோடைவிட நன்றாகப் பிழியும். மழைக்காலத்தில் கையால் துவைத்ததை அதில் பிழிந்து மட்டும் போட்டால் ஒரு நாள் முன்னதாகக் காயும். டிரையரும் சேர்ந்த மெஷினைப் பற்றிக் கேட்பார்கள்: எட்டுக் கிலோ துவைப்பது ஐந்து கிலோதான் உலர்த்தும், பல மணி நேரம் எடுக்கும். அவ்வளவு நேரம் ஒருவர் மெஷினைப் பிடித்துக்கொண்டிருந்தால் கிழமை ஒதுக்கீடெல்லாம் நிலைக்காது.

ஆஸ்பத்திரி விருந்தினர் என்றால்

இங்கே மேற்சொன்ன அளவுகள் செல்லாது. ஆபரேஷன் முடிந்து வந்தவரின் விரிப்பு தினம் மாற்ற வேண்டியிருக்கும். "வாரம் ஒரு லோடு" என்று அவர்களிடம் சொல்ல முடியாது. அறை விடும்போதே நோயாளி தங்குகிறாரா, துணையாள் மட்டுமா என்று கேட்டுவிட்டு, நோயாளி என்றால் லோடு கணக்கைத் தளர்த்தி, மற்ற அறைத் துணியோடு கலக்காமல் தனியாக என்ற ஒரே விதியை மட்டும் இறுக்கமாக வையுங்கள். ரத்தக் கறையைக் குளிர்ந்த தண்ணீரில்தான் முதலில் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் கறை துணியிலேயே பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு பருத்தி விரிப்பு, துண்டுகளை 60 டிகிரியில் போடலாம். பிளீச் பயன்படுத்தினால் அதே பக்கெட்டில் டாய்லெட் ஆசிட் படவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். இதை எழுதி ஒட்டினால் மட்டும் போதாது, இரண்டு பாட்டிலையும் வேறு வேறு இடத்தில் வையுங்கள்.

கீமோ எடுத்தவர்களுக்கு மருத்துவமனையே அறிவுரை கொடுத்து அனுப்பும்: முதல் 48 மணி நேரம் வாந்தி, சிறுநீர் பட்ட துணியைக் கையுறை போட்டு எடுத்து, தனியாக, இரண்டு முறை துவைப்பது பொதுவான வழக்கம். அறையில் ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் மூடி போட்ட தனிப் பக்கெட்டும் வைத்துவிட்டால் அவர்கள் உங்களிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. இந்தத் துணியை வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுக்கக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அட்டையில் என்ன எழுதுவது

பத்து விதி எழுதினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். அளவு வைக்கும் வீட்டுக்கு இவ்வளவு போதும்:

"உங்கள் அறைக்குத் துணி நாள்: செவ்வாய், காலை 7 முதல் 12 வரை. ஒரு லோடு, ட்ரம்மில் முக்கால் பாகம் வரை மட்டும். சட்டை, பேன்ட் பையைக் காலி செய்துவிட்டுப் போடவும். சோப்பு மெஷின் மேலே இருக்கிறது, ஒரு மூடி. பச்சைப் பொட்டு வைத்த புரோகிராம் மட்டும். புதுத் துணி, பட்டு, போர்வை வேண்டாம். முடிந்ததும் அரை மணிக்குள் எடுத்து, இடது பக்க மூன்று பைப்பில் காயப்போடவும். மாலை ஆறுக்குள் எடுத்துவிடவும். அறைக்குள் ஈரத்துணி வேண்டாம். கூடுதல் லோடு வேண்டுமானால் கேளுங்கள், 100 ரூபாய்."

பச்சைப் பொட்டு என்பது டயலில் நீங்கள் ஒட்டும் சின்ன ஸ்டிக்கர். மெஷினில் பதினைந்து புரோகிராம் இருந்தாலும் விருந்தினருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: முப்பது நாற்பது நிமிடத்தில் முடியும், சுடுதண்ணீர் இல்லாத தினசரித் துவைப்பு. கொல்கத்தாவிலிருந்தும் கௌஹாத்தியிலிருந்தும் வருபவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் இரண்டும் தடுமாறலாம். பச்சைப் பொட்டு யாருக்கும் புரியும். கொடிப் பைப்பிலும் அப்படித்தான், "இடது பக்கம்" என்பதைவிட அறைக் கதவில் ஒரு நிற ரிப்பன், அதே நிற ரிப்பன் அவர்களுடைய மூன்று பைப்பின் நுனியிலும். அட்டையை அறைக் கதவில் ஒட்டாமல் மெஷினுக்கு நேர் மேலே, கண் உயரத்தில் ஒட்டுங்கள். லேமினேட் செய்யாவிட்டால் ஈரக் கை பட்டு ஒரு மாதத்தில் கிழிந்துவிடும். மழைக்காலத்துக்கு வேறு அட்டை வைத்திருந்தால், ஐப்பசி பிறந்ததும் மாற்றி, தை பிறந்ததும் பழையதைத் திரும்ப மாட்டலாம்.